ஒரு முழம் எத்தனை மீற்றர்

கட்டுரை எழுதுவதுதான் கஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். எழுதி முடிக்க எனக்கு ஒரு வருடம் போனது. அதை ஆய்விதழ்க்காரர் கேட்கிற கோலத்துக்குக் கொண்டுவரப் பிராணன் போனது. அறிவுறுத்தல் மட்டும் இருபத்தெட்டுப் பக்கம். வரிக்கு வரி இலக்கம் போடு. படத்தைக் கட்டுரைக்குள் வைக்காதே, தனிக் கோப்பாக அனுப்பு. கடைசியில் வரும் உசாத்துணை நூற்பட்டியலில் ஆண்டுக்குப் பிறகு முற்றுப்புள்ளி, தொகுதி எண்ணுக்குப் பிறகு காற்புள்ளி. கண்டறியாத காற்புள்ளி! ஒரு முழுச் சனிக்கிழமையை நான் காற்புள்ளிக்குக் கொடுத்திருக்கிறேன்.

கொடுக்காமல் என்ன செய்வது? நான் புவியியல் துறையில் விரிவுரையாளர். வேலையை நிரந்தரமாக்க வேண்டுமென்றால் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். தகுதிகாண் காலத்தை ஏற்கெனவே ஒருமுறை நீட்டித் தந்திருந்தார்கள். இன்னொரு முறை நீட்டமாட்டோம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்திருந்தேன். சேலை எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படும்.

என் கட்டுரை கிணற்று நீர்மட்டம் பற்றியது. யாழ்ப்பாணத்தில் தண்ணீரைப் பற்றி எழுதாத ஆளில்லை. ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. கரவெட்டியில் ஒரு தோட்டக்காரர், முப்பது வருடத்துக்கு மேலாக வெள்ளிக்கிழமை தவறாமல் தன் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து பள்ளிக்கூடக் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். சண்டையில் ஊரைவிட்டு ஓடிய மாதங்களுக்கு மட்டும் பக்கம் வெறுமையாக இருக்கும். திரும்பி வந்த வெள்ளிக்கிழமை மறுபடி எழுத்துத் தொடங்கும்.

ஆராய்ச்சி ஆசையில் எழுதினார் என்று நினைக்காதீர்கள். எழுதியது வன்மத்தில். அது பங்குக் கிணறு. பக்கத்து வளவிலிருந்த ஒன்றுவிட்ட தம்பிக்கும் இவருக்கும் பொதுவானது. ஒரு நாள் இவர் இறைப்பார், மறுநாள் அவர். தம்பி இறைப்பு மெசின் வாங்கிப் பூட்டிய அன்று இரண்டு பேருக்கும் கதை பேச்சு நின்றது. கோட்டில் வழக்கு வைத்தால் காட்ட வேண்டுமே என்று இவர் அன்றிலிருந்து எழுதத் தொடங்கினார். வழக்கு வைக்கவில்லை. எழுத்தை நிற்பாட்டவும் இல்லை.

“உவன்தான் தண்ணி முழுக்கக் குடிச்சவன் எண்டு இங்கிலீசிலை வடிவா எழுது பிள்ளை,” என்றார், நான் கொப்பிகளைப் படம் எடுக்கும்போது. பக்கத்து வேலிக்குக் கேட்கட்டும் என்றே உரத்துச் சொன்னார்.

“பாப்பம் ஐயா,” என்றேன்.

எங்கள் பக்கத்தில் ‘பாப்பம்’ என்றால் பாதிக்கு மேல் ‘இல்லை’தான். கொப்பிகள் வேறு கதை சொல்லின. தம்பியின் மெசின் பழுதாகிக் கிடந்த வருடங்களிலும் தண்ணீர் இறங்கித்தான் இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் அளக்கும் விதத்தையும் அன்றைக்குப் பார்த்தேன். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விடுவார். கல் தண்ணீரைத் தொட்டதும், கிணற்றுக்கட்டின் விளிம்பில் கயிற்றைக் கிள்ளிப் பிடித்து மேலே எடுப்பார். பிறகு வலது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை வைத்து வைத்து அளப்பார். ஒன்பது முழம் நாலு விரல். பத்து முழம் ஒரு விரல். கொப்பிகளில் முழுக்க இப்படித்தான். என் பையில் அன்று அளவு நாடா இருந்தது. ‘ஐயா, கையை ஒருக்கா நீட்டுங்கோ’ என்று கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. கேட்கத் தோன்றவில்லை. முழம் என்றால் ஒன்றரை அடி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்பி, வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மீற்றருக்கு மாற்றி அட்டவணை போட்டேன். படித்த முட்டாள் என்று சொல்வார்களே, அது நான்தான்.

அனுப்பிய மூன்றாம் நாள் கட்டுரை திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர் கைக்குப் போகவேயில்லை, வாசற்படலையிலேயே மறித்துவிட்டார்கள். வரி இலக்கம் சரி, உசாத்துணை சரி, படங்கள் சரி. ஒரே ஒரு குறை. முழம் என்பது நியம அலகு அல்ல, அதை மீற்றருக்கு எப்படி மாற்றினீர்கள் என்று விளக்கவும். பதினான்கு நாள் அவகாசம். அதற்குள் வராவிட்டால் கட்டுரை மீளப்பெறப்பட்டதாகக் கொள்ளப்படும்.

கணவர் எட்டிப் பார்த்தார். “வெள்ளம் தலைக்கு மேலை போனாப் பிறகு சாண் என்ன முழம் என்ன? ஒண்டரை அடி எண்டே எழுதிவிடுமன். அவங்கள் என்ன கரவெட்டிக்கு வந்தே பாக்கப் போறாங்கள்?”

“அந்த மனிசன்ரை கையை நீங்கள் காணேல்லை,” என்றேன்.

ஆள் கட்டை, ஆனால் கை நெடுங்கை. நின்றால் விரல் முழங்காலுக்குக் கிட்டத் தொங்கும். ஒன்றரை அடி என்று போட்டால் அட்டவணை முழுவதும் பொய். அதைத் தெரிந்துகொண்டு அனுப்ப எனக்குத் துணிவில்லை. அன்றைக்கு அதை நேர்மை என்று நினைத்தேன். மாட்டிக்கொண்டால் வேலை போய்விடுமே என்ற பயமும் அதற்குள் இருந்தது.

வேறு வழியில் கணக்குப் பார்க்கலாமா என்று யோசித்தேன். கிணற்றின் ஆழத்தை வைத்துப் பார்ப்பதென்றால் இடையில் ஒரு தரம் கிணற்றைத் தோண்டியிருக்கிறார்கள், இரண்டு தரம் கிணற்றுக்கட்டை உயர்த்தியிருக்கிறார்கள். பழைய கயிறுகள் உக்கிப் போயின. மிஞ்சியது அந்தக் கை ஒன்றுதான்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கரவெட்டிக்குப் போனேன். தையல்காரர் வைத்திருக்கிற மஞ்சள் நாடா ஒன்றைப் பையில் வைத்திருந்தேன். அவருடைய மகள் படலையைத் திறந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று விளங்கியது.

“அப்பாவுக்குப் பாரிசவாதம் மிஸ். மூண்டு கிழமையாச்சு. ஆஸ்பத்திரியிலை வீட்டை கொண்டுபோகச் சொல்லிப்போட்டினம். ஆளைத் தெரியுது, ஆனால் கதை வராது. ‘உவன்’ எண்ட ஒரு சொல்லுத்தான் வருது. சோத்துக்கும் உவன், தண்ணிக்கும் உவன்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உள்ளே போனேன். வலது பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. வலது கை முழங்கையில் மடங்கி, விரல்கள் பொத்திக்கொண்டு நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தன. நான் தேடி வந்த கை. என்ரை கடவுளே என்று மட்டும் நினைத்தேன்.

மகள் அடுப்படிக்குப் போன பிறகு, கொண்டு வந்த நீர்மட்டக் கோட்டு வரைபடத்தை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். “ஐயா, இது உங்கடை கொப்பி. வெளிநாட்டுக்கு அனுப்பினனான். உங்கடை முழம் எவ்வளவு நீளம் எண்டு கேட்டிருக்கினம்.”

கண் கோட்டில் ஓடியது. ஏறி இறங்கி ஏறி, கடைசி வரை ஓடியது. பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவேயில்லை. இடது கையைக் கொண்டுபோய்ப் பொத்திக் கிடந்த வலது கையைப் பிடித்தார். ஒவ்வொரு விரலாகப் பிரித்து நிமிர்த்தத் தொடங்கினார். நெற்றியில் வியர்த்தது. பெருவிரல் வந்தது. சுட்டுவிரல் வந்தது. நடுவிரலைப் பிரிக்கும்போது நோவில் பல்லைக் கடித்தார். இழுக்க இழுக்க முழங்கையும் மெல்ல நிமிர்ந்து, கை கட்டில் விளிம்பு வரை நீண்டது. நான் அவசர அவசரமாக நாடாவை எடுத்து முழங்கையில் நுனியை வைத்தேன்.

“ஐயோ! என்ன செய்யிறியள்?”

மகள் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றாள்.

“படுத்துக் கிடக்கிற ஆளுக்கு நாடா பிடிக்கிறியளே! பெட்டிக்கோ அளவெடுக்கிறியள்?”

இது எனக்குத் தெரியாததா? நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. படுக்கையில் கிடக்கிறவரை அளக்கிறது செத்தவீட்டுப் பெட்டி செய்கிறவன் மட்டும்தான். என் மாமா வருத்தமாய்க் கிடந்தபோது சட்டைக்கு அளவெடுக்க வந்த தையல்காரரை அம்மா படலையோடு திருப்பி அனுப்பியது எனக்கு நல்ல ஞாபகம். எல்லாம் தெரியும். பதினான்கு நாளில் ஐந்து நாள் போய்விட்டது என்பது மட்டும்தான் அந்த நேரம் தலைக்குள் நின்றது.

“அக்கா, கட்டுரைக்குத்தான்... ஐயாதான் கையை...” என்று இழுத்தேன்.

அவள் கேட்கவில்லை. அழுதுகொண்டே நாடாவை என் கையிலிருந்து வாங்கி, சுருட்டி, என் பைக்குள் வைத்து, பையின் சிப்பையும் இழுத்து மூடினாள். “போட்டு வாங்கோ மிஸ்,” என்றாள். அந்தக் கோபத்திலும் ‘போங்கோ’ என்று சொல்லவில்லை.

நான் எழும்பினேன். அவர் கை நீட்டியபடியே கிடந்தது. “உவன்,” என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. எனக்குக் கேட்டும் கேளாத மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆசிரியர் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். தரவு தந்தவர் நோயில் கிடக்கிறார், ஒரு மாதம் தாருங்கள் என்று கெஞ்சினேன். உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி என்று கணினியே பதில் போட்டது. அடுத்த நாளும் எழுதினேன். அதே நன்றி. மனிதர் யாராவது இருந்தால் காலில் விழலாம்; நன்றி சொல்கிற கணினியின் காலை எங்கே தேடுவது? மறுபடி கரவெட்டிக்குப் போகப் பயம். தொலைபேசியில் கூப்பிடவும் பயம். போகாததற்குச் சாட்டாக உசாத்துணைப் பட்டியலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் காலையில் மகளே அழைத்தாள். “அப்பா போட்டார் மிஸ்.”

செத்தவீட்டுக்குப் போனேன். ஒன்றுவிட்ட தம்பி தலைமாட்டில் இருந்து, “அண்ணை, என்னோடை ஒரு வார்த்தை கதையாமல் போட்டியே,” என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பெட்டிக்குள் இரண்டு கைப் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சுற்றி நின்ற சனமெல்லாம் முகத்தைப் பார்த்தது. என் கண் மட்டும் முழங்கையில் தொடங்கி நடுவிரலில் முடிந்தது. திரும்பவும் முழங்கையில் தொடங்கியது. பதினெட்டு அங்குலமா, இருபதா, இருபத்தொன்றா? சீ, நானும் ஒரு பிறவியா என்று என்னையே வெறுத்தேன். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. பறை முழங்கியது. பெட்டியை மூடித் தூக்கினார்கள். தம்பியும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுகொண்டோம்.

பதினைந்தாம் நாள் கட்டுரை மீளப்பெறப்பட்டது என்று செய்தி வந்தது. மீளப்பெற்றது நானாம். வேறோர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். அவர்களுடைய கோலத்துக்கு மறுபடி எல்லாவற்றையும் மாற்றி, அட்டவணையில் முழம் முழமாகவே விட்டு, அது ஒருவருடைய கை, அந்தக் கை இப்போது இல்லை என்று அடிக்குறிப்பும் எழுதினேன். அதுவும் படலையோடு திரும்பியது. அதே கேள்வி, எத்தனை மீற்றர்? துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த தவணைக்கு வேறு ஆளைப் பார்க்கிறோம், குறை நினைக்க வேண்டாம் என்றார். நான் குறை நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்து, கழிப்பறைக்குள் நின்று அழுதேன்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். போகாமல் விட முடியாது, போனேன். பந்தியில் எனக்குத் தானே சோறு போட்டாள். எல்லோரும் எழும்பிய பிறகு பக்கத்தில் வந்து குந்தினாள்.

“அண்டைக்கு அப்பாதான் கையை நீட்டினவர் மிஸ். நான் கண்டனான். கண்டுகொண்டுதான் உங்களை ஏசினனான். அளக்க விட்டால் செத்துப்போவார் எண்ட பயம். விடாமலும் போட்டார்.” மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். “நான் குழப்பினதாலை உங்களுக்கு ஒண்டும் பிழைக்கேல்லைத்தானே? அப்பாவின்ரை கொப்பி அச்சிலை வரும்தானே?”

அவள் கண் என் வாயிலேயே நின்றது. உண்மையைச் சொன்னால் அந்த முழுப் பாரமும் அவள் தலையில் விழும். சொல்லாவிட்டால், இன்றில்லாவிட்டால் நாளை, அச்சில் வந்ததை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்பாள்.

“ஓம் அக்கா,” என்றேன். “வரும்.”

அவள் எழும்பிப்போய்ச் சாமியறை வாசலில் நின்றாள். உள்ளே மாலை போட்டு விளக்கு வைத்திருந்த படத்தைப் பார்த்து, “அப்பா, வருமாம்,” என்றாள்.