முட்ட நிரப்பிய டேங்க்

திருக்கழுக்குன்றம் சாலையில் வெகுதூரம் வந்த பிறகுதான் காலில் இருப்பது ரிசார்ட்டில் கொடுத்த ரப்பர் பூட்ஸ் என்பது உறைத்தது. என் செருப்பு மோட்டார் அறை வாசலிலேயே கிடந்தது. திரும்பிப் போனால் பூட்ஸையும் திருடப் பார்த்தான் என்பார்கள். போகாவிட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நடந்துகொண்டே இருந்தேன். தை மாத வெயில் முகத்தில் அடித்தது. மாமல்லபுரம் பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கை காட்டவில்லை.

எட்டாவது பாதியில் பள்ளியை விட்டவன் நான். மறைமலைநகரில் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவியிருக்கிறேன், கோவளத்தில் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொட்டியிருக்கிறேன். ரிசார்ட்டுக்கு முன்னால் எந்த இடத்திலும் வருஷம் தாண்டியதில்லை. ஒருநாள் காலையில் போதும் என்று தோன்றும், கிளம்பிவிடுவேன். மற்றவர்கள் என்னைக் கிளப்பிவிட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் நான் முதன்முதலாகத் தங்கிவிடலாம் என்று நினைத்த இடத்திலிருந்து.

கடலைப் பார்த்த அந்த ரிசார்ட்டில் எனக்குப் புல் வெட்டும் வேலை. மோட்டார் அறைக்குப் பின்னால் படுக்க இடம் கொடுத்திருந்தார்கள். பெரிய அறை இல்லை, ஆனால் கதவுக்கு உள்ளிருந்து போட ஒரு தாழ்ப்பாள் இருந்தது. இரண்டாவது மழைக்காலமும் அங்கேயே கழிந்தபோது தோட்டத்து சூப்பர்வைசர் சொன்னார்: "தையில மொத கல்யாணம் நல்லபடியா முடியட்டும், உன்ன பெர்மனென்ட் பண்ணச் சொல்றேன். பி.எப். புடிப்பாங்க, உனக்கும் ஒரு விலாசம் ஆச்சு." விலாசம் என்ற சொல்லை நான் பல நாள் மனசுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் அந்தப் புல்தரையில் புல் வெட்டும் மெஷினை ஓட்ட முடியாது. சக்கரம் புதைந்து பள்ளம் விழும். அதனால் தீபாவளி ஒட்டி மெஷினைக் கழுவித் துடைத்துக் கொட்டகையில் ஏற்றிவிடுவோம். பொங்கல் வரை கத்தரியும் அரிவாளும்தான். ஏற்றுவதற்கு முன் டேங்கை முட்ட முட்ட பெட்ரோலால் நிரப்ப வேண்டும் என்பது அங்கே மாற்ற முடியாத வழக்கம். அந்தக் கரையோரம் இரும்பை ஒரு வாரம் விட்டால் துரு அரித்துவிடும். டேங்க் காலியாக இருந்தால் உள்ளேயும் துரு ஏறும். பெட்ரோல் நிரம்பியிருந்தால் ஏறாது. சூப்பர்வைசர் இதைத் தன் பழைய முதலாளி வீட்டில் கற்றுக்கொண்டு வந்திருந்தார். "மூடி வரைக்கும் ஊத்து. காத்து உள்ள போவக் கூடாது" என்று பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார். நான் ஊற்றினேன். மிச்சத்தைக் கேனோடு பக்கத்தில் வைத்தேன். வருஷா வருஷம் நடப்பதுதான்.

பொங்கல் முடிந்து மெஷினை இறக்கினோம். கயிற்றை இழுத்தேன். இருமியது, அணைந்தது. இன்னொரு தடவை இழுத்தபோது இருமக்கூட இல்லை. புல் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் புல்தரையில்தான் கல்யாணப் பந்தல். பெண் வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "இது என்ன, வயலா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

மெஷினை ஷேர் ஆட்டோவில் ஏற்றித் திருக்கழுக்குன்றத்துக்குக் கொண்டுபோனேன். மருந்து தெளிப்பான், மரம் அறுக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின் எல்லாம் பார்க்கும் ஒரு மெக்கானிக் அங்கே இருந்தார். கார்பரேட்டரைக் கழற்றியதும் எனக்குக் காட்டினார். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்தது. பெட்ரோல் வரும் ரப்பர் குழாய் ஊறி உப்பிக் கிடந்தது. டேங்கில் இருந்ததை ஒரு தண்ணீர் பாட்டிலில் வடித்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே பெட்ரோல். அடியில் தனியாக இன்னொன்று, தண்ணீர் போல, அசைத்தால் நெளிந்தது.

"நான் ஊத்தலண்ணா" என்றேன்.

"நீ ஊத்துனன்னு எவன் சொன்னான்? இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்து வருது அண்ணாத்த, கரும்புலேந்து காச்சுற ஸ்பிரிட்டு. பைக்ல ஊத்துனா ஓடித் தீந்துடும், ஒண்ணியும் தெரியாது. இத்த மாதிரி சும்மா நிக்கிற மெஷின்ல மாசக் கணக்கா வுட்டு வெச்சா, காத்துல கீற ஈரத்த குடிச்சிகினே இருக்கும். போதும் போதும்னு ஆனதும் தண்ணி அடில எறங்கிடும். அதுவும் உங்க ரிசார்ட்டு கடலுக்குள்ளயே கீது."

"முட்ட நிரப்பி மூடித்தான வெச்சோம்?"

"மூடில காத்துப் போவ ஓட்டை கீதே, அத்த யார் மூடுறது? பழைய பெட்ரோல்னா நீங்க செஞ்சது சரி. இதுக்கு அது ஆவாது. ஒரு சொட்டு இல்லாம வடிச்சிட்டு வெச்சிருக்கணும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது, அது நானில்லை. அவர் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். "பெட்ரோல்ல தண்ணி கீது சார். கார்பரேட்டர் போயிடுச்சி, பார்ட்டு சென்னைலேந்து வரணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் மெஷினை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

வாசலில் வாட்ச்மேன் சிரித்தார். "இன்னா மச்சான், சொந்தமா பெட்ரோல் பங்க் தொறந்துட்டியாமே?"

உள்ளே மேனேஜரும் சூப்பர்வைசரும் கொட்டகை முன்னால் நின்றார்கள். கேனில் மிச்சமிருந்த பெட்ரோலைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஒரு ஸ்டூல் மேல் வைத்திருந்தார்கள். அதிலும் அடியில் தண்ணீர். சமையல்கட்டுக்காரர்கள், அறை துடைக்கிற பெண்கள் எல்லாம் வந்து குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே, இனி என்ன பேச்சு.

"பெட்ரோலை எடுத்துட்டு தண்ணி ஊத்தி வச்சிருக்க. யாருக்குப்பா வித்த?" என்று மேனேஜர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, மணி கேட்பதுபோலக் கேட்டார்.

"சார், அது தானா ஆவுதாம். மெக்கானிக் சொன்னாரு. நீங்களே கேளுங்க."

கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டார். நான் மெக்கானிக்கின் குரலுக்காகக் காத்திருந்தேன்.

"தண்ணி இருந்திச்சா இல்லயா?" என்றார் மேனேஜர்.

"இருந்திச்சி சார்."

"தானா வருமா அது?"

போனில் பின்னால் எங்கோ ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "எப்பிடி வந்துதுன்னு எனக்கு இன்னா சார் தெரியும்? நான் கூட இருந்து பாத்தனா?"

அந்த ரிசார்ட்டின் மெஷின்கள் எல்லாம் அவரிடம்தான் போகும். பக்கத்து ரிசார்ட்டுகளின் மெஷின்களும்தான். அவர் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான்.

நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். டேங்கை நிரப்பும்போது பக்கத்தில் நின்றவர் அவர். "அண்ணா, மூடி வரைக்கும் ஊத்தச் சொன்னது நீங்கதான? ஊத்துனது பெட்ரோலு. பாத்துகினு இருந்தீங்களே" என்றேன்.

அவர் புல்லைப் பார்த்தார். "ஊத்துறப்ப பெட்ரோலுதான். அதுக்கப்புறம் கொட்டகை சாவி உங்கிட்டதான இருந்திச்சி?" என்றார்.

அதுவும் பொய்யில்லை. அவருக்குக் கல்யாணம் பண்ணிக்கொடுக்க வேண்டிய இரண்டு பெண்கள் இருந்தார்கள். கெட்டுப்போன மெஷினுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்த அவர் அல்லது சாவி வைத்திருந்த நான். மேனேஜருக்கு இதில் எது என்பது முக்கியமாகவே படவில்லை. சாயங்காலத்துக்குள் தோளில் மாட்டிப் புல் வெட்டும் பிரஷ் கட்டர் ஆட்களை எங்கிருந்து பிடிப்பது என்பதுதான் அவர் கவலை. அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் நிறுத்தவில்லை.

கரையோரம் வேறு எங்கும் கேட்டுப் பிரயோஜனமில்லை. தோட்டத்து சூப்பர்வைசர்கள் எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர்கள். நான் பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டுவதற்குள் என் படம் கோவளம் வரை போயிருக்கும். அதனால்தான் மேற்கே நடந்தேன். வழியில் மெக்கானிக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் மெஷின் வெளியே குப்புறக் கிடந்தது. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "டீ சாப்டறியா?" என்றார். நடையை நிறுத்தாமல் போனேன். கொஞ்ச தூரம் போன பிறகு, குடித்திருக்கலாம் என்று தோன்றியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் படுத்தேன். விடிந்ததும் விழுப்புரம் பக்கமிருந்து வந்த கரும்பு வெட்டும் ஆட்கள் பிளாட்பாரத்தில் மூட்டைகளோடு இறங்கினார்கள். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல், திரும்பி ஊருக்குப் போக வேண்டும் என்று பேச்சு நடந்தது. நான் எழுந்து அவர்களைக் கூட்டிவந்த மேஸ்திரியிடம் போய் நின்றேன். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வா" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கரும்பாலை இருக்கிற படாளத்துக்குப் போகிற பஸ்ஸில் எல்லோரும் ஏறினோம்.

வயலில் இறங்கி வெட்டுக்கத்தியைக் கையில் கொடுக்கும்போதுதான், "இதுக்கு மின்ன எங்க இருந்த?" என்று கேட்டார்.

மறைத்து என்ன ஆகப்போகிறது. "ரிசார்ட்டுல. பெட்ரோல் திருடிட்டேன்னு அனுப்பிட்டாங்க" என்றேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "இங்க திருட இன்னா கீது, கரும்புதான். எவ்ளோ வேணா கடிச்சிக்கோ. ஆனா வேரோட ஒட்ட வெட்டணும், கட்டை நின்னா கத்துவேன்."

நான் திருடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுத்த சாலுக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் கரும்பை வெட்டிச் சாய்த்தாள். நானும் குனிந்தேன்.