வியாழக்கிழமை யுவராணியின் பாடு

பழவேற்காட்டுக்கு எல்லோரும் பூநாரை பார்க்கப் போவார்கள். நான் போன வாரம் போனது ஒரு முழங்காலைப் பார்க்க.

போன வருடம் சென்னையில் நடந்த பெண்கள் கூடைப்பந்து லீக் ஆட்டத்துக்கு அலுவலகத் தோழி ஓசிச் சீட்டு கொடுத்தாள். எனக்கு விதிமுறை ஒன்றும் தெரியாது, ஏசிக்காகப் போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் யுவராணியைப் பார்த்தேன். ஆறடி ஒரு அங்குலம், இருபத்திரண்டு வயது. மூன்று பேருக்கு மேலே எழும்பிப் பந்தைப் பறித்தாள், இடது காலில் இறங்கினாள், அப்படியே சரிந்தாள். முழங்காலுக்குள் லிகமென்ட் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து ஊரில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் இன்ஸ்டாகிராமில் எழுதிக் கேட்டேன், வந்து பார்க்கலாமா என்று. "வியாழக்கிழமை வாங்கக்கா, அன்னிக்குத்தான் என் பாடு" என்று பதில் வந்தது. பாடு என்றால் என்ன என்று தெரியாமலே கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் பொன்னேரி, பத்து ரூபாய். அங்கிருந்து பேருந்தில் சுமார் பதினெட்டு கிலோமீட்டர். திருப்பாலைவனம் வரை இரண்டு பக்கமும் நெல் வயல், அதற்குப் பிறகு உப்புக் காற்று. பழவேற்காட்டுப் பேருந்து நிலையத்தில் ஆட்டோ பிடித்து, பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் போக நூறு ரூபாய். "யுவராணி வூடா? நாங்க திருப்பாலைவனம்க்கா, எங்களுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தப் பொண்ணு மேட்ச்சு மட்டும் எங்க தெருவே பாத்துச்சு" என்றார் ஓட்டுநர். பேரம் பேச வாய் வரவில்லை.

குப்பத்தின் ஓரத்தில், கடலைப் பார்த்தபடி, மீன் காயவைக்கும் சிமென்ட் தளம் ஒன்று. அதன் ஒரு முனையில் இரும்புக் கம்பம், மரப்பலகை, துருப்பிடித்த ரிங். நான் போனபோது அவள் துடைப்பமும் மணலுமாகத் தளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் காய்ந்த மீனின் எண்ணெய் சிமென்ட்டில் இறங்கி வழுக்குமாம். தைத்த முழங்காலோடு இதிலா குதிக்கப் போகிறாள்? அவள் அணியின் பிசியோதெரபிஸ்ட் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கியிருப்பார்.

தேய்த்துக்கொண்டே சொன்னாள். பொன்னேரிப் பள்ளியில் உயரத்தைப் பார்த்துதான் சேர்த்தார்கள், பந்து பிடிக்கவே தெரியாது. பதின்மூன்று வயதில் சென்னையில் விளையாட்டு விடுதி. பிறகு மாநில அணி. இருபத்தொன்றில் வெளிமாநிலத் தொழில்முறை அணி ஒன்றில் ஒப்பந்தம், வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பது. வருகிற திங்கட்கிழமை அங்கே உடற்தகுதிச் சோதனை. இடது காலில் எழும்பிப் பந்தைப் போட்டு, அதே காலில் இறங்கிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேறு பெண்.

"டாக்டரு குதிக்கலாம்னு சொல்லி ஒரு மாசம் ஆவுதுக்கா. மணல்ல குதிப்பேன், ஒண்ணுமில்ல. இங்க வந்தா எறங்கற நேரத்துல வலது கால்தான் முன்னால வந்துடுது. நா சொல்றத இடது கால் கேக்க மாட்டேங்குது."

பாடு விஷயம் இதுதான். ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஆண்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. ஏரியில் பெண்களுக்குப் பாடு கிடையாது. இந்தத் தளத்திலோ ஆண்களுக்குக் கிடையாது. இதைப் பயன்படுத்தும் ஆறு வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு நாளாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்திருக்கிறார்கள். அவள் கட்டுப்போட்ட காலோடு வந்து இறங்கிய வாரம், ஏழாவதாக ஒரு சீட்டு எழுதினார்கள். அதில் யுவராணி பேர்.

சோதனைக்கு முன் இதுதான் அவளுடைய கடைசிப் பாடு. அன்றைக்குப் பார்த்து அவள் சித்தி தேசம்மாவின் வீட்டுப் படகு நெத்திலியால் நிறைந்து வந்தது. வியாபாரியின் வண்டி முன்னமே போய்விட்டது, ஐஸும் இல்லை. தேசம்மா கூடை கூடையாகக் கொண்டுவந்து, தளத்தைத் தாண்டிப்போய், மணலில் பழைய வலையை விரித்துக் கொட்ட ஆரம்பித்தார். மணல் ஒட்டினால் அந்த நெத்திலி கோழித் தீவனத்துக்குத்தான் போகும், விலை பாதிகூடத் தேறாது. இது தெரிந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கேட்டால் தளத்தை விடமாட்டாளா?" என்றேன் அவரிடம்.

"வுடுவா. அதான் கேக்கல" என்றார், கை நிற்காமல்.

அதற்குள் யுவராணியே பார்த்துவிட்டாள். துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். "சித்தி, மேல கொட்டு. நா சாயங்காலம் பாத்துக்கறேன்."

"இன்னிக்கு யாரு பாடு?"

"என்துதான். அதுக்குன்னு—"

"அடுத்தவன் பாட்டுல உங்க நைனா என்னிக்கினா வலை போட்டுக்கீறாரா? போ, போய் உன் வேலையப் பாரு."

அவள் நின்றாள். நெத்திலியைப் பார்த்தாள், தளத்தைப் பார்த்தாள். பிறகு போய்ப் பந்தை எடுத்தாள்.

மீதியை எழுதிவிட்டால் எனக்குப் பேருந்து விவரமெல்லாம் மறந்துவிடும், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும், அதிகாலையில் போய்விடுங்கள். குப்பத்தில் சாப்பாட்டுக் கடை கிடையாது, பழவேற்காட்டிலேயே டிபன் முடித்துக்கொள்ளுங்கள். ஏரியில் படகுச் சவாரிக்கு அனுமதி இல்லை, யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். காயும் மீனைத் தாண்டி நடக்காதீர்கள், சுற்றிப் போங்கள். பெண்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். நான் கேமராவைப் பையைவிட்டே எடுக்கவில்லை.

முதல் தடவை ஓடி வந்து எழும்பி இறங்கியபோது, அவள் சொன்ன மாதிரியே வலது கால் முன்னால் வந்தது. இரண்டாவது தடவையும் அதே. பந்து உருண்டு மணலுக்குப் போக, எடுத்துவந்தேன். அவள் கை குளிர்ந்திருந்தது, அந்த வெயிலில். முழங்காலில் தையல் தழும்பு நெத்திலி நீளத்துக்கு இருந்தது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேசம்மா ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. குனிந்து மீனைப் பரப்பிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது தடவை அவள் தளத்தின் அந்தக் கடைசியிலிருந்து ஓடி வந்தாள். எழும்பினாள். டிவியில் பார்க்கும்போது இவர்கள் எவ்வளவு உயரம் எழும்புகிறார்கள் என்பது தெரிவதே இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் பயமாகவே இருக்கிறது, ஒரு மனுஷி இவ்வளவு நேரம் தரையில் இல்லாமல் இருக்க முடியுமா என்று. பந்து பலகையில் பட்டு உள்ளே போனது. நான் அதைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். இடது கால். ஒற்றைக் கால். சிமென்ட்டில் பட்டென்று ஊன்றி, மடங்கி, நடுங்கி, நின்றது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

சத்தத்தை வைத்தே தெரிந்திருக்க வேண்டும். தேசம்மா நிமிராமலே கேட்டார்.

"வலிச்சுதா?"

"இல்ல சித்தி."

"அப்ப இன்னொரு வாட்டி குதி."