முந்தானையின் நுனி

எட்டாவது மட்டுமே படித்த நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்தில் மகள், மாப்பிள்ளையோடு சினிமாவுக்குப் போனேன். தொடக்கத்திலேயே பைக் சக்கரத்தின் பக்கம் கதாநாயகியின் முந்தானை பறப்பதைத் தனியாகக் காட்டினார்கள்.

“இந்த முந்தானைதான் அவள இழுத்துத் தள்ளப் போவுது, பாத்துக்கினே இரு,” என்றேன் மகளிடம்.

“அத்தே, நீங்களே டைரக்டர் ஆயிடுங்க!” என்றார் மாப்பிள்ளை. முன்வரிசையில் சிரித்தார்கள். கூசிப்போய் வாயை மூடிக்கொண்டேன். படத்தில் அப்படியேதான் நடந்தது.

திரும்பும்போது அவர்கள் பைக்கில் போக, நான் ஷேர் ஆட்டோவில் வந்தேன். ஐயம்பேட்டை அருகே ஆட்டோ பைக்கை நெருங்கியது. மகளின் முந்தானை நழுவிச் சக்கரத்தின் பக்கம் பறந்துகொண்டிருந்தது. ஆட்டோ நிறைய ஆட்கள். மறுபடியும் சிரிப்பார்களோ என்று வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் கத்தினேன்.

“மாப்ளே, நிறுத்துங்க! முந்தானை!”

பைக் நின்றபோது முந்தானையின் நுனி சக்கரத்தில் சிக்கிக் கிழிந்திருந்தது. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் தயங்கிய அந்த நொடிதான் இன்னும் என்னை விடவில்லை.

மறுநாள் காலை, அழகுக்காகக் கழற்றிவைத்திருந்த, சக்கரத்தில் புடவை சிக்காமல் தடுக்கும் சாரி கார்டை மாப்பிள்ளை மறுபடியும் பைக்கில் மாட்டினார்.