கழிக்கச் சொன்ன நாற்பது டிரான்ஸ்மிட்டர்கள்

வடக்கு ஸ்வீடனில் 'ஆமாம்' என்று சொல்ல வார்த்தையே தேவையில்லை. உதட்டைக் குவித்து, சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தால் போதும். தொண்ணூறுகளின் பின்பாதியில் இங்கே வந்தபோது எனக்கு இது தெரியாது. செல்போன் கோபுரங்களுக்கான டிரான்ஸ்மிட்டர்களைச் சோதிக்கும் வேலை. "இந்த நாற்பதும் கழிவா?" என்று மேற்பார்வையாளர் லார்ஸிடம் கேட்டேன். மூச்சை இழுத்தார். நம் ஊரில் ஒருவர் அப்படிச் செய்தால் 'அடப் பாவமே' என்று பொருள். கழிக்க மனமில்லை போலும் என்று எண்ணி, நாற்பதையும் நல்ல சரக்கோடு அடுக்கிவிட்டேன். ஓடி வந்தார்.

"ஆமாம் என்று சொன்னேனே!"

"நீங்கள் எதுவுமே சொல்லவில்லையே!"

அவர் சிரித்தார். ஆனால் மறுநாள் கழிவு அறிக்கை என் மேசைக்கு வந்தது. சோதித்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட வேண்டும். ஆறு மாதத் தற்காலிக வேலையில் அது ஐந்தாவது மாதம். கையெழுத்திட மறுத்து, அவை கெட்டவைதான் என்று பிறகு தெரிந்தால், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

குறை இதுதான். டிரான்ஸ்மிட்டருக்குள் சிக்னல் இரண்டு பாதைகளாகப் பிரிந்து போகும். இரண்டும் ஒரே பலத்தில், கால் சுற்று இடைவெளியில் ஓட வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால், திரையில் சிக்னலுக்கு எதிர்ப்பக்கம் அதன் போலி ஒன்று முளைக்கும். நாற்பதிலும் முளைத்திருந்தது. நோட்டில் எழுதினேன்: ஒன்று, கேபிள். இரண்டு, டிரான்ஸ்மிட்டர். மூன்று, சோதிக்கும் கருவி. கேபிளை மாற்றினேன், பயனில்லை. நாற்பதும் ஒரே அளவுக்குக் கெட்டுப்போகுமா? மூன்றாவதன் கீழே கோடு போட்டேன்.

கோடு போட்ட கை பழைய குற்றவாளியின் கை. எண்பதுகளில் திருச்சுழியில் எங்களுக்கு, விவசாயிகளிடம் வத்தல், மல்லி வாங்கும் கடை இருந்தது. தூக்குத் தராசில் எடைக்கல் வைக்கும் தட்டு லேசாக இருந்ததால், அதில் ஓர் இரும்பு வளையத்தைக் கட்டிச் சமப்படுத்துவோம். காலையில் அதைக் கட்டுவது என் வேலை. தராசு அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பழுது பார்க்கப்பட்டு, முத்திரையோடு வந்தது. மறுநாள் வெறும் தராசைத் தூக்கிப் பார்க்காமல், வழக்கம்போல் வளையத்தைக் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பினேன். கடைவாசல் தாண்டுவதற்குள், வத்தல் விற்க வந்த பரளச்சிக்காரர் ஒருவர் சத்தம் போட்டார்.

"என்ன மொதலாளி, எடை கொறையுது? தட்டுக்கடியில புளி கிளி ஒட்டிருக்கீகளா?"

"புளி ஒட்டிப் பொழைக்கிற கடையா இது?" என்றார் அப்பா.

"அப்பத் தட்ட மாத்திப் போடுங்க, பாப்போம்."

வத்தல் இருந்த தட்டில் எடைக்கல்லும், எடைக்கல் இருந்த தட்டில் வத்தலும் ஏறின. இப்போது எடை கூடியது. "இவுக தராசு நம்மளப் பாத்தா ஒண்ணு, அவுகளப் பாத்தா ஒண்ணு பேசும்போல!" என்றார். கடையே சிரித்தது. அப்பா வளையத்தை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். என் பெயரைச் சொல்லவில்லை. பரளச்சி வண்டிகள் அதன்பின் வீரசோழன் கடைகளுக்குப் போயின.

கருவிக்குத் தட்டு கிடையாது. ஆனால் அதன் அலைவரிசையைச் சற்றே நகர்த்தலாம். டிரான்ஸ்மிட்டர் உண்டாக்கிய போலி என்றால் இருந்த இடத்திலேயே நிற்கும். கருவி உண்டாக்கியது என்றால் கூடவே நகரும். லார்ஸைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு குமிழைத் திருகினேன். போலி நகர்ந்தது.

கருவிக்கு உள்ளேயும் அதே இரண்டு பாதைகள் உண்டு. அவற்றின் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் எண்கள் ஒரு ஃபைலில் இருந்தன. போன மாதம் உள்ளிருந்த மின்சுற்று அட்டையைப் புதிதாக மாற்றியவர்கள், பழைய அட்டைக்குரிய ஃபைலையே ஏற்றியிருந்தார்கள். குறை போயிருந்தது, திருத்தம் போகவில்லை.

"யார் ஏற்றியது?" என்றார் லார்ஸ்.

பதிவேட்டில் பெயர் இருந்தது. "புதிதாக அளந்து எண்களைப் போடுவோம்" என்றேன்.

நாற்பதையும் மறுபடி சோதித்தேன். முப்பத்தேழு தேறின. மூன்று வேறு காரணத்தால் நிஜமாகவே கெட்டவை, அவற்றைக் கழித்தேன். தேறியவற்றோடு போகும் சோதனைச் சீட்டுகளில் தமிழில் கையெழுத்திட்டேன். பெட்டிகளின் மேல் சென்னைத் துறைமுகத்தின் பெயரை ஒட்டினார்கள். அந்த வாரமே வேலையை நிரந்தரமாக்கும் தாளை லார்ஸ் நீட்டினார். அதிலும் அதே கையெழுத்தைப் போட்டேன். முப்பத்தேழு கையெழுத்துகள் கப்பலேறின. ஒன்று இங்கே இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது.