பொங்கலன்று தெளித்த தண்ணீர்

டோர்ட்மண்ட் நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலப் பேருந்துத் தூரத்தில் இருந்த சின்னக் கிராமம் அது. அகதிகளாக வந்த கந்தன் அண்ணைக்கும் எனக்கும் அங்கே ஒரு வீடு கிடைத்தது. கூடவே, திரைச்சீலைக்குப் பின்னால் நின்றே ஆயுளைக் கழிக்கும் எதிர்வீட்டு மனிசியும் கிடைத்தாள். நாங்கள் மிளகாய் வறுத்தாலும் சரி, ஊரே ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை பல்கனியில் இடுப்பில் கட்டும் சாரத்தைக் காயப்போட்டாலும் சரி, உடனே எங்களுக்கு வாடகைக்குத் தந்த வீட்டுக்காரருக்கு முறைப்பாடு போய்விடும். பெரிய சுத்தமான ஊராம். கோள் சொல்லும் வாயை மட்டும் ஒருவரும் கூட்டுவதில்லை.

"இன்னொரு முறைப்பாடு வந்தால் திரும்பவும் முகாம்தான்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

தைப்பொங்கலன்று விடிய, அண்ணை வாசல் பனியைக் கூட்டித் தள்ளிவிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி தண்ணீர் தெளித்தார்.

"அண்ணை, இதென்ன யாழ்ப்பாணமே? உறைஞ்சு போகுமெல்லோ!"

"வாயை மூடடா. பொங்கலண்டு வாசல் காய்ஞ்சு கிடக்கிறதே?"

ஏதோ ஏசவென்று தெருவைக் கடந்து வந்த மனிசி, உறைந்த வாசலில் சறுக்கித் தொப்பென்று விழுந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணையோ வாளியையும் விடாமல் வெறுங்காலோடு ஓடிப்போய், மற்றக் கையால் தூக்கிவிட்டார்.

"ஐயோ, நொந்துபோச்சே அக்கா?"

பனியில் நடுங்கிய அவருடைய பாதங்களை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரின் கார் வந்தது.

"யார் இங்கே தண்ணீர் ஊற்றியது?"

"நான்தான்" என்றாள் மனிசி.

வாளி அண்ணையின் கையிலேயே இருந்தது. ஒழுங்காகப் பொய் சொல்லவும் தெரியாத சனம்! வீட்டுக்காரர் வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பல்கனியில் சாரத்தைக் கண்டதும் அவள் வீட்டுக்காரரிடம் போகவில்லை. எங்கள் கதவைத் தட்டி, முகத்துக்கு நேரே ஏசினாள். அவளை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் அந்த நாட்டில் என்னை அயலவனாக மதித்து முதன்முதலில் ஏசியவள் அவள்தான்.