ஜெராக்ஸ் கடையில் நான் ஜெயித்த விவாதம்

ஆதார் அட்டையை நகலெடுக்கக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். சூடாக வந்த தாளை என்னையறியாமல் மோந்து பார்த்துவிட்டேன். கடைக்காரப் பெண் ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். கல்லூரி நாள்களில் பாதி அந்த வாசனையில்தான் போயிற்று.

நானும் யாஸ்மினும் ஒரே விவாத அணி. அவள் பம்மல், நான் செம்பாக்கம். எனக்கு வாய் வண்டலூர் வரை நீளம். கல்லூரிகளுக்கிடையே வருடந்தோறும் ஒரு போட்டி நடக்கும். நிஜ வாழ்க்கையின் தர்மசங்கடம் ஒன்றைத் தாளில் கொடுப்பார்கள். பத்து நிமிடம் யோசித்துவிட்டு, எது நியாயம் என்று மேடையில் பேச வேண்டும். முதல் இரண்டு வருடமும் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விய பெருமை எங்களுக்கு உண்டு.

கடைசி வருடம், போட்டியன்று காலை, கல்லூரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் எங்கள் குறிப்புகளை நகலெடுத்தோம். கடைக்கார அண்ணா அவசரத்தில் வேறொரு தாளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். வெள்ளத்துக்குப் பயந்து ஏரிக்கரை வீடுகளை இடிக்கலாமா? படித்து முடித்த பிறகுதான் உறைத்தது, அது நகலெடுக்கக் கல்லூரி கொடுத்திருந்த அன்றைய கேள்வி.

“சார்கிட்ட சொல்லிடலாம்டி. வேற கேள்வி குடுப்பாங்க,” என்றாள் யாஸ்மின்.

“நாமளா திருடினோம்? சொன்னா அந்த அண்ணாவுக்குத்தான் பேஜார். காலேஜ் ஆர்டரே போயிடும்.”

“அப்போ மத்த டீம் பாவம் இல்லையா?”

உண்மையில் அண்ணாவைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை, கோப்பை மேல்தான் ஆசை. ஆனால் பேசப் பேச எனக்கே அது நியாயமாகப் பட ஆரம்பித்தது. அவள் சொன்ன ஒவ்வொன்றையும் வெட்டினேன். கடைசியில், “உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாதுப்பா,” என்று தாளை மடித்து என் கையில் வைத்துவிட்டாள்.

போட்டியிலும் ஜெயித்தோம். “பத்தே நிமிஷத்துல எவ்ளோ ஆழமா யோசிச்சிருக்கீங்க!” என்று நடுவர் பாராட்டியபோது யாஸ்மின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோப்பையை நீயே வைத்துக்கொள் என்றாள். எனக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. அறிவுக்கொழுந்து நான்.

அந்தக் கடை இன்று இல்லை, அந்தப் போட்டியும் நின்றுபோனது. அதிலெல்லாம் எனக்குப் பெரிய வருத்தமில்லை. முன்பு நான் மழை வரும் என்றால் யாஸ்மின் வராது என்பாள். மூன்று காரணமும் சொல்வாள். அன்றிலிருந்து அவள் என்னை ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை. எதைச் சொன்னாலும் சரி என்பாள். அது எனக்கு வலிக்கிறது.

போன வாரம் போனில் சொல்லியேவிட்டேன். “அன்னைக்கு நீ சொன்னதுதான்டி நியாயம். நான் பண்ணது தப்பு.”



“சரிப்பா,” என்றாள்.