செல் சிக்னலும் சேகரின் உள்ளங்காலும்

2006 ஆகஸ்டில் நாங்கள் பெங்களூருக்குப் போனது லால்பாக் பார்க்க அல்ல. என் கணவர் சேகரின் இடது உள்ளங்காலில் இருந்த கரும்புள்ளி தோல் புற்றுநோய் என்று ஆம்பூரில் சதைப் பரிசோதனை செய்து சொல்லிவிட்டார்கள். அது பரவிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் போனோம். இதே காரணத்துக்காகக் கிளம்புகிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ரயிலில் மூன்று மணி நேரம். கன்டோன்மென்ட்டிலேயே இறங்கிவிடுங்கள், சிட்டி ஸ்டேஷன் வரை போனால் வீண் அலைச்சல். ஜோகுபாளையத்தில் அவருடைய அக்கா அமுதா வீடு. ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய். இவர் நொண்டிக்கொண்டு ஏறியதைப் பார்த்த டிரைவர், "ஏன் சார், முள்ளு குத்திச்சா?" என்றார். "ஆமாப்பா, பெரிய முள்ளு" என்றார் இவர்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அந்தப் புள்ளியை வெட்டியெடுத்தார்கள். தொடை இடுக்கிலிருந்து ஒரு நிணநீர் முடிச்சையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்று நகர்ந்தால் பெரும்பாலும் முதலில் போய்த் தங்கும் இடம் அதுதானாம்.

"ஒரு இடத்துல இருக்கிறது எப்படி டாக்டர் கிளம்பும்?" என்று கேட்டேன். நல்லவேளை, அந்த அம்மா தமிழும் பேசினார், பொறுமையாகவும் பேசினார். செல்கள் சில மூலக்கூறுகளைச் சுரந்து தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. நல்ல தோலில் அந்தப் பேச்சு 'இங்கேயே இரு' என்கிறது. புற்றில் பேச்சு மாறி, 'பிடியை விடு, நகரு' என்கிறது. பக்கத்துச் செல்களும் அதைக் கேட்டு வழிவிடுகின்றன. "எல்லாம் செல் சிக்னலாலதாம்மா பரவுது. அதை நிறுத்தற மருந்துக்குத்தான் ஆராய்ச்சி நடக்குது" என்றார். முடிவு வந்ததும் போன் செய்வதாகவும் சொன்னார்.

வீட்டில் இதை நான் அப்படியே ஒப்பித்தேன். அமுதா அண்ணிக்கு செல் என்றால் கைபேசிதான். "அப்பவே சொன்னேனேடா, சும்னே அதைக் காதுலயே வெச்சுக்காதன்னு!" என்று கன்னடம் கலந்த தமிழில் தம்பியைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அண்ணி சமையலறையில் சார்ஜ் போட்டிருந்த இவருடைய போன் இரண்டு நாளாக அடிக்கவே இல்லை. எடுத்துப் பார்க்கவும் எங்களுக்குப் பயம். "நல்ல சேதின்னா கூப்பிட்டிருப்பாங்க. கெட்டதை நேர்லதான் சொல்வாங்க" என்று இவர் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். பொறுக்க முடியாமல் மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"நேத்துல இருந்து உங்க செல்லுக்குப் போட்டுட்டே இருக்கோம், ஸ்விட்ச் ஆஃப்!" என்றார் நர்ஸ்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். "நான்தாம்மா அணைச்சேன். பரவக் கூடாதுன்னு."

டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "முடிச்சுல ஒண்ணும் இல்ல. பரவல" என்றார்.

"பாத்தியாடா?" என்று அண்ணி தம்பியின் கையைப் பிடித்து ஓவென்று அழுதார். "ரெண்டு நாள் அணைச்சதுக்கே நின்னுடுச்சு!" டாக்டர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்போதும் போய்வருகிறோம். உள்ளங்காலில் புதிதாகக் கரும்புள்ளி வந்து வளர்ந்தால், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். முடிவு கேட்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். கூட வருகிறவருக்கு டாக்டர் சொல்வது ஒன்றும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்காக அழக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள்.